பலகையைத் துடைக்கும் துணிவு

மனிதர் எழுதும் மூலநிரல் கணிப்பொறியில் அப்படியே இயங்காது. ஆயிரக்கணக்கான கோப்புகளை எந்த முறையில் கணிப்பொறியின் மொழிக்கு மாற்றுவது, எதனோடு எதனை இணைப்பது என்று வகுத்துத் தரும் கருவி ஒன்று வேண்டும். அதனைக் கட்டமைப்புக் கருவி என்பர்.

லினக்ஸ் கணிப்பொறிக்குத் திரை, சாளரம் முதலியவற்றை அமைத்துத் தரும் கே.டி.இ. என்னும் திறந்த மூலத் திட்டம் 1996ஆம் ஆண்டு தொடங்கியது. தன்னார்வலர் பலர் கூடி நடத்தும் அத்திட்டம் ஆட்டோமேக் முதலிய பழைய கருவிகளையே பல்லாண்டு நம்பியிருந்தது. நாளடைவில் அவற்றின் நுட்பம் அறிந்தோர் மிகச் சிலரே ஆயினர். ஏனையோர் அவற்றில் கைவைக்கவே அஞ்சினர்.

ஆகவே 2005இல் எஸ்கான்ஸ் என்னும் புதிய கருவியைத் தேர்ந்து உழைக்கலாயினர். அத்துணைப் பெரிய திட்டத்தின் தேவைகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. பட்ட பாடு வீணாகுமே என்று தயங்காமல், 2006இல் அதனை விடுத்துச் சீமேக் என்னும் கருவியைக் கைக்கொண்டனர். அதனை ஆக்கியோரும் வேண்டிய வசதிகளைச் சேர்த்து உதவினர். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றுக்கும் அவ்வொரு கருவியே பயன்பட்டது. 2008 ஜனவரியில் கே.டி.இ. 4.0 அதன் துணையால் உருவாகி வெளிவந்தது.

விடை பிழையென்று கண்டதும் பலகையைத் துடைத்துவிட்டுக் கணக்கை மீண்டும் போடத் துணிகிறவனே முடிவில் சரியான விடையைக் காண்கிறான்.