பாசி படர்ந்த நீரும் குளோரீனும்

குடிநீரால் பரவும் நோய்களைத் தடுக்க மனிதன் கண்ட வழிகளுள் குளோரீன் இடுதல் தலையாயது. ஐக்கிய அமெரிக்காவின் ஜேர்சி நகரில் 1908 ஆம் ஆண்டு குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரீன் இடத் தொடங்கினர். பிற நகரங்களும் அதனைப் பின்பற்றவே, நெருப்புக்காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும், கிருமிகளைக் கொல்லும் குளோரீன் நீரிலுள்ள ஏனைய பொருள்களை என்ன செய்கின்றது என்னும் வினா நெடுங்காலம் எழவில்லை.

அதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர், ஒல்லாந்து தேசத்தில் ரொட்டர்டாம் நகர நீர்வழங்கற் பகுதியில் பணியாற்றிய றூக் என்னும் இரசாயன அறிஞராவார். குளோரீன் இட்டபின் நீரில் குளோரோபோமும் அதனை ஒத்த சேர்வைகளும் தோன்றுகின்றன என்று 1974 இல் அவர் அறிவித்தார். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளரும் இம்முடிவையே வெளியிட்டனர்.

இச்சேர்வைகள் எவ்வாறு உண்டாகின்றன? ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இலை, தழை, வேர் முதலியன மக்கிக் கரைந்த சேதனப் பொருள்கள் உள்ளன. குளோரீன் அவற்றைத் தாக்கிச் சிதைக்கும்போது அவற்றின் காபனோடு தானும் இணைந்து விடுகின்றது. நீரில் புரோமைட்டு உப்பு இருப்பின் புரோமீனும் அதில் பங்கு கொள்ளும். இவ்வாறு பிறக்கும் நால்வகைச் சேர்வைகளைத் திரைஹலோமெதேன்கள் என்பர்.

மக்கிய இலைகள் மட்டுமன்றிப் பாசியும் இதற்கு மூலப்பொருளாகும் என்பதை 1980 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பாசியின் உடலும் அது நீரிற் கசியவிடும் பொருள்களும் குளோரீனோடு சேர்ந்து குளோரோபோமைத் தருகின்றன. பாசியின் தீங்கு அத்துடன் நின்றுவிடுவதில்லை. வெயிலிற் செழிக்கும் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்வதால் நீரின் காரத்தன்மை மிகுகின்றது. காரம் மிகுந்த நீரில் குளோரீனின் கிருமிகொல்லும் ஆற்றல் குன்றுகின்றது. திரைஹலோமெதேன்களோ அதிகமாக உண்டாகின்றன. பாசி குளோரீனின் ஒரு பகுதியைத் தானே செலவழித்து விடுவதால் மேலும் குளோரீன் இடவேண்டியும் நேர்கின்றது. நீரின் வெப்பமும், குளோரீன் நீரில் தங்கும் நேரமும் கூடக்கூட இவ்விளைவும் கூடும்.

இதனால் வரும் கேடு யாது? குளோரோபோம் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் புற்றுநோயை உண்டாக்கியதென 1976 இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் அறிவித்தது. அங்குச் செய்த சோதனைகளில் மிகப் பெரிய அளவே கொடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. எனினும் முன்னெச்சரிக்கையாக, அமெரிக்க அரசு 1979 இல் நால்வகைச் சேர்வைகளுக்கும் சேர்த்து ஓர் இலீற்றர் நீருக்கு 100 மைக்கிரோகிராம் என எல்லை வகுத்தது. 1998 இல் அதனை 80 ஆகக் குறைத்தது. பத்து இலட்சம் இலீற்றர் நீரில் 80 கிராம் கலந்திருப்பதற்கு இது சமம்.

அவ்வாறாயின் குளோரீனைக் கைவிடலாமா? கூடாது. குளோரீன் இடாத அசுத்த நீரால் ஒரு குழந்தை சில நாள்களிலேயே இறக்க நேரலாம். இச்சேர்வைகளால் வரக்கூடிய தீங்கோ பல்லாண்டுகள் அருந்துவோருக்கு ஏற்படக்கூடிய சிறிய அபாயம். ஆகவேதான், இச்சேர்வைகளைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தைத் தளர்த்தலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகின்றது. ஒல்லாந்தர் இன்று குழாய்நீரில் குளோரீன் எஞ்சாமலே வழங்குகின்றனரெனில், அதற்கு முன் நீரைப் பலபடியாகத் தூய்மைசெய்து, கசிவற்ற குழாய்களையும் அமைத்துக் கொண்டமையே காரணம்.

செய்யத்தக்கது, குளோரீன் இடும் முறையைத் திருத்துவதேயாகும். பாசி நிறைந்த நீருக்கு முதலிலேயே குளோரீன் இட்டால் பாசியின் உயிரணுக்கள் உடைந்து, உள்ளிருப்பவை யாவும் நீரிற் கலந்துவிடும். படிகாரம் இட்டுப் பாசியைத் திரளச் செய்து, படியவிட்டு, மணலில் வடித்த பின்னரே குளோரீன் இடுதல் நலம். கரைந்து நிற்கும் பொருள்களை உயிர்ப்பூட்டிய கரி உறிஞ்சிக்கொள்ளும். இவற்றுக்கும் முன்னர், வயல்களின் உரமும் ஊர்க் கழிவும் நீர்த்தேக்கத்திற் சேராமற் காத்தால் பாசி பெருகும் வாய்ப்பே குறையும். நல்ல குடிநீரைப் பெறும் பணி சுத்திகரிப்பு நிலையத்தில் அன்று, நீரேந்தும் நிலத்திலேயே தொடங்குகின்றது.