ஒருவருக்கென்றே செய்த இம்பிளான்ட்

விபத்தில் சிதைந்த மண்டையோட்டுக்கோ, புற்றுநோயால் அறுத்தெடுக்கப்பட்ட தாடைக்கோ ஈடாக, நோயாளியின் சி.டி. ஸ்கேன் படத்தையே அளவாகக் கொண்டு, டைட்டானியம் பொடியை லேசர் கதிரால் படலம் படலமாக உருக்கி, அவர் ஒருவருக்கென்றே செய்யப்படும் இம்பிளான்ட், நம் காலத்து வைத்தியத்தின் மகத்தான சாதனைகளுள் ஒன்று. ஆயினும் அதன் மேற்பரப்பில் முற்றும் உருகாமல் ஒட்டிய பொடியும், கண்ணுக்கெட்டாத நுண்துளையும் பிற்காலத்து விரிசலுக்கு வித்தாகக்கூடும். அவற்றைக் கண்டுபிடிக்கும் பணியில் இப்போது காமிராவும் கணினியும் அமர்த்தப்பட்டு வருகின்றன.

இயந்திரத்துக்குச் சலிப்பில்லை என்பது பெரிய அனுகூலமே. ஆனால் ஒரே மாதிரியான ஆயிரம் பொருள்களைப் பார்த்துப் பழகிய கணினி, உலகில் ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்ட பொருளின் முன்னே, எது அமைப்பு, எது குறை என்று தடுமாறவும், பளபளக்கும் உலோகத்தின் பிரதிபலிப்பைக் கீறலென மயங்கவும், மெய்யான கீறலைத் தவறவிடவும் இடமுண்டு. படத்தில் விழாத குறைகளும் உண்டு. 2000 டிசம்பரில் சுல்சர் நிறுவனம் தான் தயாரித்த செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணங்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம், தயாரிப்பின்போது மேற்பரப்பில் தங்கிவிட்ட மசகெண்ணெய். எலும்பு அக்கிண்ணங்களைப் பற்றாமல் போகவே, அமெரிக்காவில் ஏராளமானோர் மறுபடியும் அறுவைக்கு உட்பட நேர்ந்தது. அவை மொத்தமாகச் செய்யப்பட்டவையாதலின், பலருடைய துன்பம் சேர்ந்து குறையை வெளிப்படுத்திற்று. ஒருவருக்கென்றே செய்ததில் குறையிருந்தால், எச்சரிப்பதற்கு இன்னொரு நோயாளி கிடையாது.

ஆகையால் 'மெஷின் பாஸ் பண்ணிவிட்டது' என்ற சொல்லோடு திருப்தியடையலாகாது. நமது 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள், இத்தகைய கருவியை, அத்துறை வைத்தியர் எழுத்து மூலம் விதித்தபடி, அவருடைய பொறுப்பில் செய்யப்படுவது என்றே வரையறுக்கின்றன. எனவே மேற்பரப்பைச் சோதித்துக் கையொப்பமிட்டவர் யார், எவ்வாறு சுத்தம் செய்தார்கள் என்று அவ்வைத்தியரையே கேட்கலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டுமென்பது வைத்தியர்களுக்குரிய ஒழுங்குமுறை. பின்னாளில் வலியோ வீக்கமோ தளர்ச்சியோ தோன்றினால், வைத்தியரிடம் காட்டுவதோடு, காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். தயாரிப்புக் குறைக்கு நஷ்டஈடு கோர 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகவேண்டும்.

அவ்வழக்கில் தலையாய சாட்சி, மறு அறுவையில் உடலிலிருந்து எடுக்கப்படும் இம்பிளான்ட்டே. அதை எறிந்துவிடாமல் பாதுகாத்து வைக்குமாறு, அந்த அறுவைக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் மூலம் தெரிவித்து, அக்கடிதத்தின் நகலில் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.