வைத்துப் போற்றத்தக்க சிறு துவக்கு

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் துவக்கைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பு நியாயமே. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் வெண்கட்டியையன்றி வேறு படைக்கலம் எதனையும் யான் வகுப்பில் ஏந்தியறியேன். ஆயினும், சென்ற மார்கழி விடுமுறையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் கேட்ட கேள்வி என்னை இப்பொருளில் இழுத்துவிட்டது.

அவர் தந்தையார் வலப்பனைப் பகுதித் தோட்டமொன்றிலே பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். என் நெடுநாளைய நண்பர். எண்பது கடந்து அண்மையிற் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, உரிமத்தோடு கூடிய சிறு துவக்கு. ஆங்கில வழக்கில் ‘பொயின்ட் டுவென்டி டூ றைபிள்’ என்பர். 1975ஆம் ஆண்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது, ஊர் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து முறைப்படி விலைக்குப் பெற்றது அது.

“ஐயா, உரிமம் அப்பா பெயரோடு முடிந்துபோயிற்று. நாளைக்குப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பிறகு என் பெயருக்கு உரிமம் கேட்பதா, அரசாங்கத்துக்கே விட்டுவிடுவதா? இது வைத்துக் காப்பாற்றத் தகுந்த பொருள்தானா என்று நீங்கள் பார்த்துச் சொல்லவேண்டும்” என்றார்.

“தம்பி, நான் என்ன கண்டேன்?” என்றேன்.

“அப்பா துடைக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தானே, ஐயா!” என்றார்.

அது மெய். 1983ஆம் ஆண்டு வன்செயலின்போது நண்பர் அதனை நிலையத்தில் ஒப்படைத்தார். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே அது மீண்டும் அவர் கைக்கு வந்தது. அதன்பின் திங்களுக்கு ஒரு ஞாயிறு அதனை எடுத்து எண்ணெயிட்டுத் துடைப்பார். யான் தேநீர்க் கோப்பையோடு எதிரில் இருப்பேன். இக்கலையின் அரிச்சுவடியை அவரிடமே கற்றேன். ஆனால் முதல் ஆண்டில் அத்துவக்கை ஏறிட்டுப் பார்க்கவும் என் மனம் ஒருப்படவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலிற் பெயரை ஆராய்வோம். நம் மாணவர் சிலர், ‘துப்பு’ என்னும் தூய தமிழ்ச் சொல்லோடு ‘துப்பாக்கி’யை இணைத்து மகிழ்வதுண்டு. ‘துப்பு’ வலிமையையும் உணவையும் குறிக்கும்; துப்பாக்கியோ துருக்கிய மொழி வழியாக வந்த சொல். ஈழத்தில் நாம் வழங்கும் ‘துவக்கு’ம் அதன் உடன்பிறப்பே. குழலின் உட்புறத்தே சுருள்வரி வெட்டப்பெற்றதாயின் அது றைபிள். அவ்வரி சன்னத்தைச் சுழலச் செய்து, பம்பரம்போல் நிலைகுலையாமற் செலுத்தும்.

நாம் பேசும் வகையின் தனித்தன்மை அதன் தோட்டாவில் இருக்கிறது. பெரிய துவக்கின் ஊசி தோட்டாவின் அடிப்பகுதியில் நடுவே தாக்கும். இதன் ஊசியோ விளிம்பிலே தாக்கும். பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பற்றுமருந்து அடைக்கப்பட்டிருக்கும். 1845ஆம் ஆண்டளவில் பாரிசில் ஃபிளோபேர் என்பார் வீட்டினுள்ளே குறிபார்த்து விளையாடுதற்கென ஆக்கிய சிறு தோட்டா இவ்வகைக்கு மூதாதை. 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் தன் கைத்துப்பாக்கிக்கென ‘இருபத்திரண்டு’ அளவுத் தோட்டாவை வெளியிட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் ‘லோங் றைபிள்’ தோட்டா 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தாரால் உருவாயிற்று. சன்னத்தின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர், எடை வழக்கமாக 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். நூற்று முப்பது ஆண்டு கடந்தும் இத்தோட்டா மாறவில்லை. ஆதலால் பாட்டன் காலத்துத் துவக்கும் பேரன் காலத்துத் தோட்டாவை ஏற்கிறது. ‘வைத்துப் போற்றத்தக்கது’ என்னும் பேச்சுக்கு இடம் உண்டாவதே இதனாற்றான்.

ஆனால் எதனைப் போற்றுவது? நண்பர் மூன்று குலங்களைச் சிறப்பித்துச் சொல்வார். ஒன்று, பர்மிங்ஹாமில் 1861இல் தோன்றிய பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் மார்ட்டினி வகை: விசைக்குப் பின்னுள்ள நெம்புகோலைக் கீழே இழுத்தால் உள்ளிருக்கும் கட்டை தாழும், ஒரு தோட்டாவைத் தன் கையால் இட்டு மூடவேண்டும். இரண்டாவது, அமெரிக்காவின் வின்செஸ்டர் 52: 1920 முதல் 1980 வரை செய்யப்பெற்று, இலக்குச் சுடுதலில் பேர்பெற்றது. மூன்றாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து வந்த பிர்நோ: பகட்டில்லாத, இழுப்புத் தாழ்ப்பாள் கொண்ட வேட்டைத் துவக்கு. மூன்றும் மரமும் உருக்குமாக, வேண்டும்போது பிரித்துப் பழுது பார்க்கத்தக்கவையாகச் செய்யப்பட்டவை. பழுது பார்க்க இயலாத பொருளை வைத்திருக்கலாம். தலைமுறைக்கு அளித்தல் அரிது.

நண்பருடையது மார்ட்டினி. மூன்று துவக்குகளைச் சாய்த்து நிறுத்தினாற் போன்ற பி.எஸ்.ஏ. முத்திரை அதன் உருக்கில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

பழைய ஏட்டுச்சுவடியைச் சோதிப்பதுபோலவே அன்று அதனைச் சோதித்தோம். நெம்புகோலை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை இருவரும் தனித்தனியே கண்டு தெளிந்தோம். எத்துவக்கிற்கும் இதுவே காப்புச் செய்யுள். அடுத்து, குழலின் அடியில் வெள்ளைத் தாட்டுண்டு ஒன்றை வைத்து வாய்ப்புறமிருந்து நோக்கினோம். 1920களின் இறுதிக்கு முற்பட்ட தோட்டாக்களின் பற்றுமருந்து உப்புப் போன்ற கசட்டைக் குழலில் விட்டுச் செல்லும். வலப்பனை மூடுபனியின் ஈரம் சேர்ந்தால் அது வரிகளை அரித்துவிடும். இதன் வரிகளோ கண்ணாடிபோல் விளங்கின. மூன்றாவதாக, தோட்டா அமரும் அறையின் விளிம்பைப் பார்த்தோம். தோட்டா இன்றி வெறுமனே விசையை இழுத்து விளையாடினால், இவ்வகையில் ஊசி அறையின் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் செய்யும். பள்ளம் விழுந்த அறை, முன்னிருந்தவர் பொறுமையற்றவர் என்பதற்குச் சான்று. இதில் பள்ளம் இல்லை. நான்காவதாக, பிடிக்கட்டை: வால்நட் மரம், வெடிப்பில்லை. இறுதியாக, உருக்கில் பொறித்த இலக்கத்தை உரிமத் தாளின் இலக்கத்தோடு ஒப்பிட்டோம். இரண்டும் ஒத்தன. தாளோடு ஒவ்வாத துவக்கு எத்துணை அழகியதாயினும் போற்றத்தக்கதன்று, அது குற்றப்பொருள்.

“அப்படியானால் வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள்!” என்று மாணாக்கர் மகிழ்ந்தார். “காரணம் என்ற இடத்தில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதிவிடலாம், ஐயா. பன்றித் தொல்லை எல்லாருக்கும் தெரிந்ததுதானே?”

அவர் மலைச்சரிவில் மரக்கறி பயிரிடுபவர். ஓரிரவில் பன்றிகள் உருளைக்கிழங்குப் பாத்தியை உழுதுபோட்ட காட்சியை யானும் கண்டிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னது பொய். இரண்டரைக் கிராம் ஈயம் காட்டுப்பன்றியைக் கொல்வதற்கு உரியதன்று. அது புண்படுத்தும், புண்பட்ட விலங்கு புதருக்குள் சென்று நாட்கணக்கில் வருந்திச் சாகும், அல்லது விடியலில் கொழுந்தெடுக்க வரும் பெண்ணின்மேற் பாயும். அன்றியும், ‘சிறியது’ என்னும் பெயரால் ஏமாறுதல் கூடாது. இச்சன்னம் ஒரு மைலுக்கு மேலும் பறக்க வல்லது. நம் நிலமோ சரிவு: மேலே பாத்தி, கீழே தேயிலை, அதன் கீழே லயன்கள். மேலிருந்து தவறிய சன்னம் எவர் முற்றத்தில் விழும் என்று யார் அறிவார்?

யான் மேற்குறித்த காரணத்தை அப்போது அவருக்குச் சொன்னேன். யான் லயனிற் பிறந்தவன். 1978ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயது. எம் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. தோட்டத்து நாய்கள் பெருகிவிட்டன என்று ஒருநாட் காலை துரை துவக்கோடு வந்தார். ஓசை பெரிதாயில்லை, காய்ந்த குச்சி முறிந்தாற்போன்ற ஓசை. மணி என் தாயாரின் கொழுந்துக் கூடைக்கருகே விழுந்தது. தந்தையார் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்; ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாய் இறந்ததைக் காட்டிலும் அந்த நிற்றல் என்னை நெடுநாள் வருத்திற்று. அன்று துரை கையிலிருந்தது இவ்வளவுச் சிறு துவக்கே.

மலைநாட்டிலே துவக்கு நெடுங்காலம் ஒருபக்கத்தார் கையிலேயே இருந்தது. தென்னாபிரிக்கப் போரில் போயர் உழவரின் குறிதவறாமை ஆங்கிலேயரை நாணச் செய்தது; அப்போயர்களுள் ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டு 1900இல் நம் தியத்தலாவை முகாமிற்கே கொணரப்பட்டனர். நாணிய இங்கிலாந்து, தன் உழைக்கும் மக்களுக்கும் குறிபார்க்கக் கற்பிக்க விழைந்தது. 1901இல் அவர்களுக்கென துவக்குக் கழகங்களின் சங்கம் எழுந்தது. நகர்ப்புறக் கூடங்களில் அவர்கள் பயின்றது இந்த விளிம்படித் துவக்கிலேயே. அதே 1900இல் இங்கே எழுந்தது ‘தோட்டக்காரர் துவக்குப் படை’. தோட்டக்காரர் என்றது துரைமாரை, தொழிலாளரையன்று. 1949இல் கலைக்கப்படும்வரை அப்படை நிலவிற்று. தொழிலாளிக்குத் துவக்கோடு நேர்ந்த உறவு வேறு. 1940 சனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரை முதற் களப்பலியாகப் போற்றுகின்றது.

இத்தனையும் கேட்ட மாணாக்கர், “அப்படியானால் விட்டுவிடச் சொல்கிறீர்களா, ஐயா?” என்றார், குரல் தளர்ந்து.

இல்லை. புறநானூற்றில் அவ்வையார் தொண்டைமானிடம் தூது சென்ற வரலாற்றை நம் மாணவர் அறிவர். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று மாலை சூடி மாளிகையில் இருந்தன. அதியமானுடையனவோ பகைவரைக் குத்திச் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. அவ்வையார் புகழ்வதுபோல் முன்னதைப் பழித்தார். முப்பது ஆண்டு அப்பாடலைப் பாராட்டியே கற்பித்தேன். பாராட்டு இன்றும் குறையவில்லை. ஆயினும் இரண்டு கிளர்ச்சிகளையும் ஒரு நெடும் போரையும் கண்ட இம்மண்ணிலே, என் நெஞ்சு தொண்டைமான் பக்கமே சாய்கின்றது. எண்ணெய் பூசப்பெற்று, எவர் குருதியும் படாது, திங்களுக்கு ஒருமுறை துடைக்கப்படும் படைக்கலமே எனக்கு இனிது. என் நண்பர் ஐம்பது ஆண்டு உடைமையாளராக இருந்து, அதனால் ஓர் உயிரையும் கொன்றதில்லை. துரை கையிலிருந்தபோது அச்சமாயிருந்த பொருள், அவர் கையில் ஒழுக்கமாயிற்று. போற்றத்தக்கது துவக்கா, அவ்வொழுக்கமா என்றால், துவக்கின் குழலே விடை: அவ்வொழுக்கம் இல்லாதிருந்தால் அது என்றோ துருவேறியிருக்கும்.

குறிபார்த்தலும் இழிந்த கலையன்று. ஐம்பது மீற்றர் தொலைவில், 10.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள நடுவட்டத்தைத் தைப்பது ஒலிம்பிக் போட்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றது இவ்வகைச் சிறு துவக்காலேயே. மூச்சை அடக்கி மனத்தை ஒருமுகப்படுத்தும் அப்பயிற்சியை யோகம் என்றாலும் தகும்.

ஆகவே மாணாக்கரிடம், “வை, ஆனால் மெய்யான காரணத்தை எழுதி வை” என்றேன்.

“மெய்யை எழுதினால் தரமாட்டார்களே, ஐயா!”

“தராவிடின் ஒப்படைத்ததோடு நிற்கட்டும். பொய்யால் வைத்திருந்தால் அது உன் தந்தையின் துவக்கு ஆகாது.”

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் எழுதுகோலை என்னிடம் நீட்டினார். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தைக் குறித்து, நல்ல தமிழில் விண்ணப்பம் வரைந்தோம். காரணம் என்ற இடத்திலே, ‘தந்தையாரின் உடைமை, இலக்குப் பயிற்சிக்கு மட்டும், வேட்டைக்கோ பயிர்க் காவலுக்கோ அன்று’ என எழுதினேன். பன்றிகளுக்கு வேலியை வலுப்படுத்துவதாக அவர் முடிவு செய்தார்.

மறுநாள் இருவருமாக நிலையம் சென்றோம். ஒப்படைக்கும் முன் அவர் எண்ணெய்த் துணியை என் கையில் தந்தார். அந்தச் சிறு துவக்கை யான் முதன்முறையாகத் துடைத்தேன். விண்ணப்பத்துக்கு விடை இன்னும் வரவில்லை.