போர் ஜீப்பும் தகட்டுக் கொல்லரும்

கொல்லன் பட்டறையில் வாளும் பிறக்கிறது. உழுபடையின் கொழுவும் பிறக்கிறது. இரும்பு ஒன்றே, அதனை வளைப்பவன் கருத்தே வேறு. இவ்வுண்மைக்கு அண்மைக் காலச் சான்றொன்று வேண்டுமாயின், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தெருக்களில் ஓடும் ஜீப்னி என்னும் வண்டியைக் காட்டலாம்.

இரண்டாம் உலகப் போருக்கென அமெரிக்காவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. சேற்றிலும் மணலிலும் நான்கு சில்லுகளும் ஒருங்கே உந்திச் செல்லும் வண்டி அது. 1945 ஆம் ஆண்டிலே மணிலா நகரம் போரினால் இடிந்து பாழாயிற்று; டிராம் வண்டிகளும் அழிந்தொழிந்தன. மக்கள் வேலைக்கும் சந்தைக்கும் செல்ல வழியின்றித் தவித்தனர். ஆனால், படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளோ ஏராளமாகக் கிடந்தன. நால்வர் அமரும் வண்டியிற் பத்துப்பேரை ஏற்றுவது எவ்வாறு? அவ்வினாவுக்கு விடை கிடைத்த இடம் சிறு தகட்டுப் பட்டறைகளே. பின்னிருக்கையை அகற்றி, உடலைப் பின்புறமாக நீட்டி, எதிரெதிரே இரண்டு நீண்ட வாங்குகளை அமைத்து, வெயிலுக்கு மேலே தகட்டுக் கூரையும் இட்டனர்.

ஜீப்பின் உடலமைப்பு இவ்வேலைக்கு இசைவாயிருந்தது. ஏனைய மோட்டார் வண்டிகளின் உடல், பெரும் அச்சுக்களிடையே அழுத்தப்பட்டு வளைந்து திரண்டிருக்கும். ஜீப்பின் பக்கங்களோ பெரும்பாலும் தட்டையானவை. ஆதலின், கத்தரியும் சுத்தியலும் நேரான மடிப்புக் கட்டையும் கொண்டே அவற்றைப் போன்ற பகுதிகளைச் செய்துவிடலாம்.

எனினும், கருவி எளிதாயின் தொழிலும் எளிதென எண்ணலாகாது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள அகன்ற உருக்குத் தகட்டைத் தூக்கினால் அது துவளும். அதன் ஓரத்தை ஓர் அங்குலம் செங்கோணமாக மடித்துவிட்டால், அதே தகடு விறைத்து நிற்கும். பனையோலையைப் பாருங்கள், மடிப்பு மடிப்பாக அமைந்திருப்பதனாலன்றோ அத்துணை அகன்ற ஓலை காற்றில் நிமிர்ந்து நிற்கிறது! தகட்டுக்கு வலிமை தருவது தடிப்பு மட்டுமன்று, மடிப்புமாகும். ஆனால் மடிக்கும்போது உட்புறம் நெருங்குகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. மடிப்பு மிகக் கூராயின் வெளிப்புறம் வெடிக்கும். ஆகவே, வளைவுக்குச் சிறிது இடம் விட்டு மடித்தல் வேண்டும். தகட்டிற் கோடிடும்பொழுதே அவ்வளவையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இணைப்பதிலும் நுட்பம் உண்டு. மெல்லிய தகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடைவிடாது வெல்டிங் செய்தால், வெப்பத்தால் விரிந்து, ஆறும்போது சுருங்கி, முழுத் தகடும் நெளிந்துவிடும். தேர்ந்த தொழிலாளி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளியிட்டு, ஆறவிட்டு, இடைவெளிகளைப் பின்னரே நிரப்புவான்.

கரடுமுரடான பாதையிலே வண்டியின் அடிச்சட்டகம் முறுகும். உடலை அதனோடு இறுகப் பிணைத்தால் வாயில் மூலைகளிற் பிளவு காணும். அதனால் இடையே இறப்பர்த் துண்டுகளை வைத்து முடுக்குவர். மூலைகளையும் வளைவாக வெட்டுவர். நீர் தேங்குமிடத்திற் துரு பற்றுமாதலின், அடியிலே வடிதுளைகளும் வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது பாரத்தின் நிலை. பின்னச்சுக்கு அப்பால் உடலை நீட்டி ஆட்களை ஏற்றினால், முன்சில்லுகளின் பிடிப்புக் குறைந்து, வண்டி திசைதிருப்பியின் சொற்கேளாது போகும். நீட்சி மிகுமாயின், அடிச்சட்டகத்தையும் நீட்டி வலுப்படுத்திப் பின்னச்சைப் பின்னே நகர்த்துதல் வேண்டும். இதனை மறந்தவன் செய்த வண்டி, எத்துணை அழகாயினும், ஏறினோர் உயிருக்குக் கேடாகும்.

முன்னர்க் குதிரை வண்டி ஓட்டிய லியனார்டோ சராவோ என்பவர், 1953 ஆம் ஆண்டில் லாஸ் பினாஸ் என்னுமிடத்தில் ஜீப்னிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அது நாடறிந்த தொழிலகமாக வளர்ந்தது. பழைய ஜீப்புகள் அருகியபின், பட்டறைகள் முழு வண்டியையும் தாமே செய்து, ஜப்பானின் பழைய டீசல் இயந்திரங்களைப் பொருத்தின. இயந்திர மூடிமேல் மின்னும் உலோகக் குதிரைகள் இன்றும் பழைய குதிரை வண்டியை நினைவூட்டுகின்றன.

2017 ஆம் ஆண்டில் அந்நாட்டரசு, புகையும் விபத்தும் குறைய வேண்டுமெனப் பழைய ஜீப்னிகளை மாற்றும் திட்டமொன்றை வகுத்தது. நோக்கம் தக்கதே. ஆயின், புதிய வண்டியின் விலை கேட்டுச் சாரதிகள் கலங்கினர், வேலைநிறுத்தங்களும் நிகழ்ந்தன. பழைய உருவத்துக்குள்ளே புதிய இயந்திரத்தையும் மின்சார மோட்டாரையும் பொருத்த முனைந்த உள்நாட்டு உற்பத்தியாளரும் உளர். புகைவிடும் இயந்திரத்தைக் கழற்றி எறியலாம்; பிறிதொன்றை வாங்கிப் பூட்டலாம். தகடு எங்கே மடிந்தால் நிற்கும், எங்கே இறுகினால் வெடிக்கும் என்றறிந்த கைகளை அவ்வாறு வாங்க இயலாது. அவை ஒரு தலைமுறை ஓய்ந்திருப்பின், அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பார் யார்?