சக்கர வீட்டுக்கு ஸ்வெட்டர் இருக்கா?

வாடகை கிடையாது. ஹவுஸ் ஓனர் முகத்தில் முழிக்க வேண்டாம். ஊர் பிடிக்கலையா, வீட்டையே ஸ்டார்ட் பண்ணி கிளம்பிடலாம்! அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ஆர்.வி.' எனப்படும் சக்கர வீடுகளில் ஏராளமானோர் வருஷம் முழுக்க வாழ்கிறார்கள். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கை பரிச்சயம். கேட்கும்போதே ஜில்லுன்னு இருக்குல்ல? சிக்கலே அங்கேதான். பனிக்காலம் வந்தா நிஜமாவே ஜில்லுன்னு ஆயிடும்!

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தைப் பாருங்க. 2008-க்குப் பிறகு அங்குள்ள வில்லிஸ்டன் பகுதியில் எண்ணெய்க் கிணறு வேலைகள் குவிந்தன. நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். சம்பளம் இருந்தது, தங்க இடம் இல்லை. வாடகை எகிறியது. பலர் ஆர்.வி.யிலேயே குடித்தனம் ஆரம்பித்தார்கள். அந்த மாநிலத்தில் குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கும். உங்க வீட்டு ஃப்ரீஸரே சுமார் மைனஸ் 18தான் பாஸ்! கோடைச் சுற்றுலாவுக்காகச் செய்த வண்டி இதைத் தாங்குமா? வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றி வைக்கோல் கட்டையும் ஃபோம் பலகையையும் அடுக்கிச் சமாளித்தார்கள்.

அப்போ, குளிருக்கு எந்த வண்டி? வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

ஸ்டிக்கரை நம்பாதீங்க!

'ஃபோர் சீஸன்'னு வண்டி மேல பெருசா எழுதியிருக்கும். அமெரிக்காவில் அதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அர்த்தம். ஐரோப்பாவில் 'கிரேடு 3' என்ற தரம் உண்டு. வெளியே மைனஸ் 15 டிகிரி இருந்தாலும், 4 மணி நேரத்துக்குள் உள்ளே 20 டிகிரி வந்தாகணும். தண்ணீர் வசதியும் வேலை செய்யணும். அதனால் சேல்ஸ்மேனிடம் 'எத்தனை டிகிரியில் சோதித்தீங்க, எவ்வளவு நேரம்?' என்று கேளுங்க. பதில் வரலைன்னா அது வெறும் ஸ்டிக்கர்தான்.

குனிந்து பாருங்க!

வண்டிக்கு அடியில் மூணு தொட்டி இருக்கும். நல்ல தண்ணீர், குளித்த தண்ணீர், டாய்லெட் கழிவு. குளிர்காலத்தில் முதல் அடி வாங்குவது இவைதான். தொட்டி, குழாய், வால்வு மூன்றும் மூடிய அறைக்குள் இருக்கணும். ஹீட்டரின் சூடான காற்று அங்கேயும் போகணும். வால்வு மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் உறைந்துவிடும். அப்புறம் டாய்லெட் கதை என்னாகும்னு நாங்க சொல்லணுமா?

சைஸ் முக்கியம்!

பட்டனைத் தட்டினா ஹால் வெளியே நீளும் 'ஸ்லைட் அவுட்' பார்க்க சூப்பர். ஆனா அதன் ஓரத்து ரப்பர் வழியாகக் குளிர் உள்ளே நுழையும். சின்ன வண்டியைச் சூடாக்குவது சுலபம், கேஸும் மிச்சம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி அவசியம். சுவருக்குள் அலுமினியச் சட்டம் இருந்தால் கவனம். சூட்டை வெளியே கடத்துவதில் அலுமினியம் கில்லாடி.

உயிர் விஷயம்!

ஹீட்டருக்கு புரொப்பேன் கேஸ் நல்லது. மைனஸ் 42 வரை அது ஆவியாகும். பியூட்டேனோ பூஜ்ஜியத்திலேயே மக்கர் பண்ணும். ஆனா 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டராக இருந்தால் அத்தனை ஈரமும் உங்க ரூமுக்குள்தான். சுவர் வியர்க்கும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பயங்கரம் கார்பன் மோனாக்ஸைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதனால் புகையை வெளியே தள்ளும் ஹீட்டரும், கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் கட்டாயம். புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கான்னு தினமும் பார்க்கணும்.

லித்தியம் பேட்டரி போட்ட வண்டியா? சாதாரண லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். அது வண்டிக்குள்ளேயே இருக்கணும், இல்லேன்னா தானே சூடேற்றிக்கொள்ளும் ரகமா இருக்கணும்.

ஷோரூமில் டி.வி.யையும் சோபாவையும்தான் முதலில் காட்டுவாங்க. நீங்க முட்டி போட்டு அடிவயிற்றைப் பாருங்க. கையிருப்பை எல்லாம் கொட்டி வாங்கப்போவது வண்டி இல்லை, வீடு. சோபாவை அப்புறம்கூட மாத்திக்கலாம். மைனஸ் 30-ல் நடுராத்திரி உறைந்த குழாயை மாத்த, எந்த மெக்கானிக்கும் வர மாட்டார்!