முட்செடியும் துக்ளக்கும்: நையாண்டி பற்றி ஓர் இறையியல் சிந்தனை

நியாயாதிபதிகள் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று சீகேமின் மக்களுக்கு ஓர் உவமை கூறுகிறான். மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தத்தம் பணியை விட்டுவர மறுக்கின்றன. எப்பயனுமற்ற முட்செடியோ உடனே இசைந்து, தன் நிழலில் வந்து தங்குமாறு அழைக்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? கேட்டோர் நகைத்திருக்கலாம். ஆனால் அந்நகைப்பு, அபிமெலேக்கை அரசனாக்கிய தங்கள்மீதே திரும்புவதை அவர்கள் உணர்ந்திருப்பர்.

நையாண்டியைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்னும் வினாவை ஆராய, நாம் நன்கறிந்த ஒரு தமிழ்த் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம்.

துக்ளக்கின் கதை

வழக்கறிஞராயிருந்து நாடக ஆசிரியரான சோ ராமசாமி, தமது விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவினருடன் 1968ஆம் ஆண்டு ‘முகம்மது பின் துக்ளக்’ நாடகத்தை மேடையேற்றினார். 1971இல் அவரே இயக்கி, தலைமைப் பாத்திரமேற்று, அதைத் திரைப்படமாக்கினார். அது இன்றளவும் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு வருகிறது.

கதையின் பின்னணி மதுரைக்கு அந்நியமன்று. 1325 முதல் 1351 வரை டில்லியை ஆண்ட துக்ளக்கின் ஆட்சிக்கு மதுரையும் உட்பட்டிருந்தது. 1335ஐ ஒட்டி அவருடைய ஆளுநரே இங்குத் தனியரசு அமைத்தார். பின்னர் பயணி இபின் பதூதா இந்நகருக்கு வந்து, இங்குப் பரவிய கொள்ளைநோயைப் பற்றியும் எழுதினார்.

இவ்விருவரும் கல்லறையிலிருந்து உயிருடன் வெளிப்பட்டதாக நாட்டை நம்பவைப்பதே படத்தின் கதை. துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறார். கட்சி மாறி வந்தோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி அளிக்கிறார். மொழிச் சிக்கலுக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார். மக்களோ ஆரவாரிக்கின்றனர். உண்மையில் இவ்விருவரும் மகாதேவன், ராகவன் என்னும் இக்கால இளைஞர்கள். நாட்டின் சீர்கேட்டை மக்களுக்கு உணர்த்திவிட்டு, உரிய வேளையில் வேடத்தைக் கலைப்பதே அவர்கள் திட்டம். ஆனால் அவ்வேளை வந்தபோது மகாதேவனுக்குப் பதவியை விட மனமில்லை. உண்மையைச் சொல்ல முற்பட்ட ராகவன் கூட்டத்தின் சினத்துக்கு இரையாகிறான். பொய்யன் ஆசனத்தில் நீடிக்கிறான்.

நகைப்பின் மூன்று இலக்குகள்

முதல் இலக்கு ஆள்வோர். இரண்டாவது, ஆரவாரிக்கும் மக்கள். இவ்விரண்டும் யோதாமின் உவமையிலும் உள்ளன. மூன்றாவது இலக்கே நம்மைத் தைக்கிறது. அது சீர்திருத்தம் செய்யப் புறப்பட்டவன். மகாதேவன் தீயவனாகத் தொடங்கவில்லை, உண்மைக்காகவே வேடமிட்டான். ஆசனமே அவனை மாற்றியது.

இப்படத்துடன் ஒப்பிடத்தக்கது, ஆங்கில நகைச்சுவைக் குழுவான மாண்டி பைத்தான் 1979இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பிரையன்’. தான் மேசியா அல்லன் என்று கதறுகிற ஒருவனைக் கூட்டம் மேசியாவாக்கியே தீரும். தேவதூஷணம் என்று சபையார் பலர் அதை எதிர்த்தனர். அயர்லாந்திலும் நார்வேயிலும் அது தடை செய்யப்பட்டது. ஆயினும் அப்படத்தில் ஆண்டவர் கேலிக்கு உள்ளாகவில்லை. மலைப்பிரசங்கத்தைத் தொலைவில் நின்று தவறாகக் கேட்டு, அதைக் குறித்துச் சண்டையிடுவோரே கேலிக்குரியோர். தடைசெய்ய விரைந்த நாம், அக்கூட்டத்தில் நம் முகம் தெரிகிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நகைப்பவன் எங்கே நிற்கிறான்?

எனினும் எல்லா நையாண்டியும் தீர்க்கதரிசனமாகாது. பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராதவனே பாக்கியவான் என்று முதலாம் சங்கீதம் போதிக்கிறது. சோவின் படத்திலும் ஒரு குறை உண்டு. அதில் எளிய மக்கள் ஏமாறும் கும்பலாக மட்டுமே தோன்றுகின்றனர். அவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள், எந்தப் பசி அவர்களை வாக்குறுதிகளின் பின்னே ஓடச் செய்கிறது என்று படம் கேட்பதில்லை. மேலிருந்து நகைப்பவனுக்கு இரக்கம் அரிது.

யோதாம் அவ்வாறு நகைக்கவில்லை. அவன் கொலையுண்டவர்களின் தம்பி. பேசி முடித்ததும் உயிருக்கஞ்சி ஓடுகிறான். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களின் திருவிழா இரவுகளில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் வரும் பபூனையும் இங்கு நினைக்கலாம். அவன் ஊராரின் பேச்சிலேயே பேசி, ஊராரையும் தன்னையும் ஒருங்கே கேலி செய்கிறான். அவனுடைய நகைப்பில் அவனுக்கும் பங்குண்டு. நகைப்பவன் தன்னையும் அதற்கு உட்படுத்துகிறானா என்பதே பரியாசத்தையும் தீர்க்கதரிசனத்தையும் பிரித்தறியும் அளவுகோல்.

நமது ஆசனம்

இப்போது அந்த ஆசனத்துக்குத் திரும்புவோம். பேராயத் தேர்தல்களில் பணமும் சாதியும் ஆட்சி செய்வதைக் கண்டு கொதித்து, மாற்றுவோம் என்று உள்ளே சென்ற எத்தனையோ நல்லோரை நாமறிவோம். அவர்கள் வேடம் எப்போது முகமாயிற்று என்று அவர்களே அறியார். பிரசங்க பீடமும் ஓர் ஆசனமே. அங்கே நம்மை எவரும் குறுக்கிட்டுப் பேசுவதில்லை. நம்மைப் பார்த்து எவரும் நகைப்பதில்லை. ஆண்டாண்டுகளாக நகைக்கப்படாதவன், தான் ஒலிவமரமென்றே நம்பிவிடுவான்.

ஆகையால் போதகர்களும் இறையியல் மாணவர்களும் நையாண்டிக்கு அஞ்ச வேண்டா. வாலிபர் ஐக்கியத்தார் சபையின் நடப்பைக் குறித்துக் குறுநாடகம் போட விரும்பினால், எழுத்துப்படியை வாங்கித் திருத்தாமல் முன்வரிசையில் அமர்ந்து பார்ப்போமாக. அவர்கள் நகைக்கும் இடத்தில் நாமும் நகைக்க இயலுமானால், ஆசனம் இன்னும் நம்மை விழுங்கவில்லை. இயலாதாயின், அன்றிரவே முழங்காலில் நிற்க நமக்குக் காரணம் உண்டு.