ரேடியோவில் பாடிய உலக்கை

ஏஎம் ரேடியோவை லேப்டாப் பக்கத்தில் வைத்தால் ஏன் இரைகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த இரைச்சலை வைத்து 1975இல் ஒருவர் கச்சேரியே நடத்தினார்.

வரலாற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்; கார் ஷெட் மேதைகளின் புராணத்தை வேண்டிய மட்டும் பாடியாகிவிட்டது. 1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழ் ஆல்டேர் 8800 கணினியை அட்டையில் போட்டது. படத்தில் இருந்தது வெறும் பெட்டி. அசல் இயந்திரம் பார்சலில் தொலைந்துவிட்டது! 397 டாலர் கட்டியவர்களுக்கு வந்தவை உதிரி பாகங்கள். பற்றவைத்துக்கொள்வது அவரவர் பாடு. திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. நினைவகம் 256 பைட். நிரலை முன்பக்கச் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. இதைத்தான் புரட்சி என்றார்கள்.

ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தன் ஆல்டேரை ஓடவிட்டபோது பக்கத்து ரேடியோ இரைந்தது. நிரலுக்கு நிரல் இரைச்சல் மாறுவதையும் கவனித்தார்.

கணினிக்குள் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் கம்பிகள் குட்டி ஆன்டெனாக்களாகி அலையைக் கசியவிடும். அடுத்த வீட்டில் நெல் குத்துவது போலத்தான்: நெல் தெரியாது, உலக்கைச் சத்தம் கேட்கும். உலக்கை சீராக விழுந்தால் தாளம். வினாடிக்கு 440 முறை விழுந்தால் தாளம் சுருதியாகிவிடும். (அரிசி என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.) ஆல்டேரின் கடிகாரம் வினாடிக்கு 20 லட்சம் முறை துடிக்கும். 440ஆல் வகுத்தால் 4,545 துடிப்புக்கு ஒரு குத்து. நடுவில் என்ன செய்வது? சும்மா எண்ண வேண்டியதுதான். ஒன்றைக் கழிக்க 5 துடிப்பு, பூஜ்யம் வரவில்லையென்றால் திரும்பிப் போக 10. ஆக, 303 சுற்று. ஒரு பைட்டுக்குள் 255க்கு மேல் அடங்காது, அதனால் எண்ணிக்கையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சுற்றைக் குறைத்தால் சுருதி ஏறும், கூட்டினால் இறங்கும். எந்தக் கணக்கையும் போடாமல் வெறுமனே எண்ணிக்கொண்டிருந்த இயந்திரம் பாடியது!

கணினிப் பிரியர்களின் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' கூட்டத்தில் அது பீட்டில்ஸின் 'தி ஃபூல் ஆன் த ஹில்' வாசித்தது, பிறகு 'டெய்சி'. 1961இல் பெல் ஆய்வகக் கணினி பாடியதும் 'டெய்சி'தான்.

கேள்வி கேட்ட வாசகரே, லேப்டாப்பில் பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்துவிட்டு, அதே ரேடியோவை இன்னொரு முறை கிட்டே கொண்டுபோங்கள். சுருதியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், இரைச்சல் மாறுகிறதா என்று மட்டும் கேளுங்கள்.